என் சொத்தை எடுத்த கதை

போன வெள்ளிக்கிழமை எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்று. ஆம்பூர் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போய், இடது கால் பெருவிரல் நகத்தை டாக்டரிடம் காட்டிவிட்டு வருவது.

இதை இப்படியே சொல்லிவிட்டுப் போனால் என் பக்கத்து நியாயம் விளங்காது. நான் துண்டு நோட்டீஸ் படித்தே எழுத்துக் கற்றவன். நோட்டீஸ் என்றால் முதலில் குறைகள், வரிசையாக. பிறகுதான் விஷயம். ஆகவே, அந்த ஒரு நகத்தின் பொருட்டு எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசையிலேயே:

முதலாவது, தோல் பதனிடும் ஷாப்பு. மயிர் கழிவதற்காக ஊறப் போட்ட தோலைப் புரட்டச் சுண்ணாம்புக் குழியில் வெறுங்காலோடு நின்றேன். பெருவிரல் நகம் முதலில் வெளுத்தது. பிறகு மஞ்சளித்தது. பிறகு தடித்தது. தடித்துக்கொண்டே போனது. அந்த ஷாப்பில் தடிக்காதது என் கூலி மட்டும்தான்.

இரண்டாவது, குழிக்குள் நிற்க ஒரு பலகை போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் பலகையை உள்ளே போடவில்லை. என்னை வெளியே போட்டார். வேலை போயிற்று. நகம் என்னோடு வந்தது.

மூன்றாவது, ஜெயில். கூட்டத்தில் பேசியதற்காக உள்ளே போனேன். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். அதில் இரண்டு பேர் போலீஸ். ஜெயில் வைத்தியரிடம் காலை நீட்டினேன். "நாக்கை நீட்டு" என்றார். நீட்டினேன். "நல்லாத்தானே இருக்குது, போ" என்றார். நான் உள்ளே வந்ததே அந்த நாக்கினால்தான் என்று அவருக்குத் தெரியாது.

நான்காவது, என் மனைவி கன்னியம்மாள். நகச்சொத்தைக்கு மருதாணி நல்லது என்று யாரோ சொன்னார்களாம். அரைத்து, அப்பி, துணி சுற்றிக் கட்டிவிட்டாள். அவிழ்த்துப் பார்த்தால் சொத்தை அப்படியே இருந்தது. விரல் மட்டும் கல்யாணப் பெண்ணின் விரலாகச் சிவந்து கிடந்தது. அன்று சாயந்திரம் பேரணாம்பட்டில் எனக்குக் கண்டனக் கூட்டம். "ரத்தம் சிந்தவும் தயார்!" என்று நான் முழங்கிக்கொண்டிருக்கும்போது, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் காலைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க ஷாதி?" என்று கேட்டார்.

ஐந்தாவதுதான் பெரிய அநீதி. என் சங்கம். நான் ஆரம்பித்த சங்கம்! அதில் என்னைக் கௌரவ ஆலோசகர் ஆக்கினார்கள். கௌரவ ஆலோசகர் என்றால், யாரும் ஆலோசனை கேட்காத ஆள் என்று அர்த்தம். இப்போது குழியில் நிற்பவர்களுக்குப் பலகையும் பூட்ஸும் கேட்டு, முதலாளிகளைப் பார்க்க ஐந்து பேர் தூது போகிறார்கள். என் கோரிக்கை! என் பலகை! காரியதரிசி கோவிந்தசாமியிடம் போய், "என் பேர் இருக்குதில்ல?" என்று கேட்டேன்.

"அண்ணே, நீங்க நொண்டுறீங்க" என்றான். "முதலாளிங்களோட தோல் மண்டி வரைக்கும் எல்லாரும் கம்பீரமா நடந்து போகணும். முதலாளிங்க முன்னால நீங்க நொண்டி நொண்டிப் போய் நின்னா, பிச்சை கேக்க வந்த மாதிரி இருக்கும்."

"கால் சரியாயிட்டா?"

"அப்போ பாக்கலாம்ணே. வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் பேர் படிக்கிறோம்."

ஆக, வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் நான் நேராக நடக்க வேண்டும். இல்லாவிட்டால், நான் வேலையைப் பறிகொடுத்துக் கேட்ட பலகையை எவனோ ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு கேட்கப் போவான்.

இதுதான் முன்கதை. இனி நகத்துக்கு வருகிறேன்.

டாக்டர் என் காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எத்தனை வருஷமாய்யா இதை வளர்க்கிறீர்?"

"நான் வளர்க்கலீங்க. அதுவா முன்னுக்கு வந்தது."

"மருந்து எதுவும் இதுக்குள்ள இறங்காது. நகத்தையே எடுத்துட வேண்டியதுதான். இருங்க, பகலுக்கு மேல எடுத்துடலாம்."

காலை மெல்ல இழுத்துக்கொண்டேன். "எடுத்தா... சாயந்திரம் நல்லா நடப்பேனுங்களா?"

"நல்லா நடப்பீர்" என்றார். எந்த வருஷத்துச் சாயந்திரம் என்று அவர் சொல்லவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே கம்பவுண்டர் ஞானமுத்து ஒரு குறட்டை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். தோல் ஷாப்பில் ஆணி பிடுங்குகிற குறட்டுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"இன்னாண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் ஞானமுத்து. "போலீஸ் லத்தியை மார்ல வாங்கின ஆளு நீங்க!"

மேடையில் அப்படித்தான் சொல்வேன். உண்மையில் முதுகில்தான் வாங்கினேன். ஓடிக்கொண்டிருந்தேன்.

குறடு கொதிக்கட்டும் என்று ஞானமுத்து எதிரே இருக்கும் இப்ராஹிம் பாயின் பீடிக்கடைக்குப் போனார். வெள்ளிக்கிழமை, ஷாப்புகளுக்கெல்லாம் லீவு. கடை முன்னால் வேலையில்லாமல் ஒரு பட்டாளம் நின்றிருந்தது. அங்கே நடந்த பேச்சைப் பாய் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு எனக்குச் சொன்னார். அதை அப்படியே தருகிறேன்.

"இன்னா ஞானமுத்து, நம்ம தோஸ்த் முனிரத்தினம் உள்ள உக்காந்திருக்காரே, இன்னா விஷயம்?"

"பகலுக்கு மேல அவரு சொத்தை எடுக்குறோம் பாய்."

"யா அல்லா! யாரு சொன்னது?"

"டாக்டர் உத்தரவு போட்டுட்டாரு. சர்க்கார் டாக்டர் சொன்னா அப்பீல் ஏது?"

"எல்லாத்தையுமா எடுக்குறீங்க?"

"சேச்சே! இருக்கறதுலயே பெரிசு எதுவோ அது மட்டும்தான்."

"பாவம், தர மாட்டேன்னு தகராறு பண்ணினா?"

"அதுக்குத்தான் புடிச்சுக்க ரெண்டு ஆள் போட்டிருக்கோம். கத்துவாரு. கத்தட்டும்."

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஞானமுத்து போய்விட்டார்.

நம் தமிழை என்னவென்று சொல்வது! கெட்டுப்போன நகம் என்றாலும் சொத்தை. வீடு வாசல் நிலம் நீச்சு என்று இருக்கிற சொத்தோடு ஓர் ஐகாரம் சேர்ந்தாலும் சொத்தை. ஞானமுத்து முன்னதைச் சொன்னார். பீடிக்கடை மொத்தமும் பின்னதைக் கேட்டது. சத்தியாக்கிரகம் செய்தவன் வீட்டிலெல்லாம் சர்க்கார் புகுந்து ஜப்தி செய்கிற காலம் இது. நம்புவதற்கு யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. எடுத்துக்கொண்டு போக என்னிடம் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு மனிதன் யோசிக்கவில்லை. ஓர் ஈயக் குண்டான், விலைபோகாத நோட்டீஸ் கட்டுகள், கன்னியம்மாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து, குறடு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஏதோ கோஷம் கேட்டது. பக்கத்தில் வந்தது.

"எடுக்காதே! எடுக்காதே! சொத்தை எடுக்காதே!"

கண்ணைத் திறந்தேன். ஆஸ்பத்திரி வாசல் முழுக்க ஜனம். குழிக்காரர்கள், தோலுக்குப் பட்டை இடிக்கிறவர்கள், வண்டிக்காரர்கள். முன்னால் கோவிந்தசாமி, கையில் சங்கக் கொடியோடு!

"அண்ணே, பயப்படாதீங்க!" என்று கத்தினான். "நாங்க இருக்குறோம். உங்க சொத்தை எவன் எடுக்குறான்னு பாத்துடலாம்!"

நண்பர்களே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கால் நகத்துக்காக இத்தனை பேரா! சிறைக்குப் போனபோது வழியனுப்ப ஒருவன் வரவில்லை. திரும்பி வந்தபோது ஸ்டேஷனில் ஒரு நாய் வந்தது. அதுவும் வேறு யாரையோ எதிர்பார்த்து வந்தது. இப்போது ஒரு நகத்துக்கு ஆபத்து என்றதும் ஆம்பூரே திரண்டு நிற்கிறது! இந்த ஜனங்களைப் பற்றி என் நோட்டீஸ்களில் எவ்வளவு கசப்பாக எழுதிவிட்டேன்!

கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. பெஞ்சின் மேல் ஏறினேன். ஒற்றைக் காலில் நின்று பேசத் தொடங்கினேன்.

"தோழர்களே! உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் தடுக்காதீர்கள். எடுக்கட்டும்! என் சொத்தை எடுக்கட்டும்!"

கொடியை உயர்த்திய கோவிந்தசாமி அதை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"சொத்தை எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்? வைத்திருப்பவனுக்கும் துன்பம், பக்கத்தில் இருப்பவனுக்கும் கேடு. ஒழித்துக் கட்டினால்தான் உடம்புக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது!"

"அடேங்கப்பா!" என்றது ஒரு குரல். "ருஷியாக்காரன் மாதிரி பேசுறாருடா!"

கைதட்டல்! "முனிரத்தினம் வாழ்க!" என் ஆயுளில் அப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காருகிற ஆளா நான்?

"இது எனக்கு எப்படி வந்தது தெரியுமா? அப்பன் பாட்டன் வழியில் வந்ததல்ல. தோல் ஷாப்பில் வந்தது. முதலாளி எனக்குக் கொடுத்தது!"

கைதட்டல் சட்டென்று குறைந்தது. உருக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

"ஒன்று போனால் போகட்டும்! இன்னும் ஒன்பது இருக்கிறது! அதிலும் நாலைந்துக்கு இப்போதே மஞ்சளடித்துவிட்டது!"

கைதட்டல் நின்றுபோனது.

"ஒம்போதா?" என்றார் ஒரு வண்டிக்காரர்.

"மஞ்சள் வேற அடிச்சு வெச்சிருக்காராம்யா. எங்க வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவே வக்கு இல்ல."

"முதலாளி குடுத்தாராம்! கேட்டியா? அவரு வாயாலயே சொல்றாரு!"

அந்தச் சமயத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கன்னியம்மாள் ஓடிவந்தாள். இடுப்பில் ஈயக் குண்டான். ஜப்தி என்று கேள்விப்பட்டதும் அதை மட்டும் காப்பாற்றித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒன்று போக இன்னும் ஒன்பது என்று நான் சொன்னது வரும்போதே அவள் காதில் விழுந்திருந்தது.

"இன்னாது, பத்தா?" என்று குண்டானைக் கீழே வைத்தாள். "யோவ்! நகத்தைக் காட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்து இங்க இன்னா பேசுற? எனக்குத் தெரியாம பத்து சேத்து வெச்சிருக்கியா? யாரு பேர்ல எழுதியிருக்கே? எவ அவ?"

ஞானமுத்துவும் வார்டு ஆளும் என்னை அக்குளில் கைகொடுத்து உள்ளே தூக்கிக்கொண்டு போனதால் அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் யாரையோ திட்டுகிறாள் என்று நினைத்தேன். அது வழக்கம்தான்.

மேஜையில் படுக்கவைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டார் டாக்டர். கால் முழுக்க மரத்துப்போனது, அந்தப் பெருவிரல் தவிர. குறடு வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு தியாகியைப் போல இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் போட்ட சத்தத்தில் ஜன்னலில் இருந்த புறா பறந்துவிட்டது.

வெளியே ஒருவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "பாத்தியா? பத்து இருந்தும் ஒண்ணை விட மனசு வரல!"

அதற்கப்புறம் கோஷம் மாறியது. "ஒழிக! ஒழிக!" என்றார்கள். டாக்டரைச் சொல்கிறார்கள் என்று எனக்கு ஒரே கவலை. "ஐயா, மன்னிச்சுக்குங்க. என் மேல இருக்கிற பிரியத்துல பேசுறாங்க" என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கட்டுப்போடத் தொடங்கினார்.

"காட்டு! காட்டு! சொத்தைக் காட்டு!"

நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "ஞானமுத்து, அதைக் கொண்டுபோய்க் காட்டுய்யா" என்றேன். "பாவம், இவ்வளவு ஆசையாக் கேக்குறாங்க."

ஞானமுத்து தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எனக்கு ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது.

கோவிந்தசாமி தட்டை எட்டிப் பார்த்தான். "இன்னாதுய்யா இது? ஆமை ஓடு மாதிரி?"

"சொத்தை."

"எது?"

"இதுதான். அவர் வெச்சிருந்ததுலயே பெரிசு. மீதி ஒம்போதும் அவர் கால்லயே இருக்குது. நாலைஞ்சு மஞ்சளாயிடுச்சு. அவருதான் சொன்னாரே."

பாய் மெதுவாகத் தன் நெற்றியில் கை வைத்தார். பிறகு சிரிப்பு வந்தது. ஆம்பூரில் நான் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறேன். எல்லாரும் ஒன்றுசேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து அன்றுதான் பார்த்தேன். கொடியைப் பிடித்துக்கொண்டு கோவிந்தசாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வண்டிக்காரர் ஒருவர் இன்னொருவர் தோளில் விழுந்து, "மஞ்சள் அடிச்ச வீடு! மஞ்சள் அடிச்ச வீடு!" என்று மூச்சுத் திணறினார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வாழ்கவும் நகத்துக்கு இல்லை, ஒழிகவும் டாக்டருக்கு இல்லை. மேஜையிலேயே குப்புறப் படுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கால் விடவில்லை.

கன்னியம்மாள் உள்ளே வந்தாள். கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். குண்டானைப் பார்த்தாள்.

"இதுக்கா நான் உலையைக் கவுத்துட்டு ஓடியாந்தேன்?"

"அதான் எவளும் இல்லையே" என்றேன்.

"அந்த நகத்தைப் பாத்தா எவ வருவா?" என்று சொல்லிவிட்டு, என் காலருகே உட்கார்ந்து, "ஜாஸ்தி வலிக்குதா?" என்று கேட்டாள்.

வெளியே சிரிப்பு அடங்கிய விதம்தான் விசித்திரமாக இருந்தது. முதலில் அடங்கியவர்கள் குழிக்காரர்கள். ஞானமுத்து தட்டை நீட்டிக்கொண்டே நின்றார். அவர்கள் ஒவ்வொருவராகத் தட்டைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள்.

"எனக்கும் இந்தக் கலர்தாம்பா" என்றார் ஒருவர்.

"எனக்கு ரெண்டு கால்லயும்" என்றார் இன்னொருவர். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கோவிந்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். சிரித்த கண்ணீரா, வேறா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சிரித்ததுதான் என்பான்.

"அண்ணே, தூதுக்கு நீங்களும் வர்றீங்க."

எழுந்து உட்கார்ந்தேன். "எப்படிடா? முன்னால நொண்டியாவது நடந்தேன். இப்போ காலை ஊனவே முடியல."

"நடக்க வேணாம். வண்டியில ஏத்திக்கிட்டுப் போறோம். முதலாளிங்க முன்னால கட்டை அவுத்துக் காலைக் காட்டினா போதும்."

"அப்புறம் நான் எழுந்து, பலகை பற்றிய நம் கோரிக்கையின் வரலாற்றை..."

"நீங்க பேசவே வேணாம்ணே!" என்று இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டான். "இன்னிக்கு ஒரு தடவை பேசினீங்க. பாத்தீங்க இல்ல?"

தமிழ்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தில், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் தூதுவனாக்கப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மானமுள்ளவன் அந்த இடத்திலேயே மறுத்திருப்பான். எனக்கு அந்தப் பலகை வேண்டியிருந்தது. "சரி" என்றேன்.

கூட்டம் கூடியே இருந்ததால் சாயந்திரம் வரை காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே பேர் படித்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. சங்கத்தில் சேராத இருவர் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி. பிற்பாடு யாரும் தன் பேர் விட்டுப்போயிற்று என்று சண்டைக்கு வரக்கூடாது பாருங்கள். பாய் ஒருபுறம் நின்றார். தட்டோடு ஞானமுத்து மறுபுறம் நின்றார். என்னைப் பெஞ்சோடு தூக்கிவந்து வாசலில் வைத்தார்கள்.

எங்கள் சங்கத்தில் முனிரத்தினம் மூன்று பேர். ஒருவர் தாடி முனிரத்தினம், ஒருவர் மேல்பட்டி முனிரத்தினம். குழப்பம் வராமல் இருக்க முன்னால் ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் படிப்பார்கள். "தியாகி என்று போட்டுக்கொள்" என்று கோவிந்தசாமியின் காதில் ஜாடையாகச் சொல்லிவைத்தேன். தலையாட்டினான்.

நாலு பேரைப் படித்தான். நாலு பேரும் "இருக்கிறேன்" என்றார்கள். ஐந்தாவதற்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு சாட்சிகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பீடிக்கடைக்கு அப்பால் நிற்பவருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தான்:

"சொத்தை முனிரத்தினம்!"